கடலுக்கடியில் ஒரு சொம்பு

எங்கள் நாடகத்தில் நடுக்கடல் நான்தான். நோட்டீசில் என் பேர் இருக்காது. ராஜாவுக்குப் பேர் உண்டு, தளபதிக்கு உண்டு, ஆர்மோனியக்காரருக்குக்கூட உண்டு. கடலுக்கு எதற்குப் பேர்? நீலச் சாயம் தோய்த்த பெரிய துணியை மேடையின் இரண்டு ஓரத்திலும் ஆள் நின்று ஆட்டுவார்கள். நடுவில் தொய்ந்துவிடுமே, அதற்காக ஒருத்தி அடியில் குந்தி, இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் போடவேண்டும். அந்த ஒருத்தி லூர்துமேரி. ஊர் வானூர்ப் பக்கம். புருஷன் காலராவில் போன பிறகு கம்பெனிக்குத் துணி துவைக்க வந்தேன். முதலாளி பாண்டுரங்கன் என்னைக் கடலாக்கிவிட்டார்.

நாடகம் பல்லவர் காலத்துக் கடற்சண்டை. ஒரு பக்கம் பல்லவ ராஜாவின் கப்பல், எதிரே தீவுக்காரர்களின் கப்பல். மூங்கில் சட்டத்தில் வர்ணத்துணி கட்டி, கீழே மாட்டுவண்டிச் சக்கரம் மாட்டியிருக்கும். பந்தத்தின் மேல் குங்கிலியப் பொடியை வீசினால் குப்பென்று பற்றிக்கொண்டு பறக்கும். அதுதான் தீயம்பு. முரசு காதைப் பிளக்கும். ராஜா கயிறு வீசித் தீவுக் கப்பலை இழுக்கும்போது, அதன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை நான் உருவவேண்டும். கப்பல் மூக்குக் குப்புறச் சாயும். தீவுத் தளபதி, "என் உடல் கடலுக்கு! என் வாள் எவனுக்கும் இல்லை!" என்று முழங்கிவிட்டு என் கடலில் குதிப்பார்.

குதிப்பவர் சின்னதுரை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் விளைகிற வீட்டுப் பிள்ளை, நாடகப் பைத்தியம் பிடித்து வந்தவர். மேடைக்கு வெளியே அவர் என்னோடு பேசியதில்லை. அவருக்குச் சாப்பாடு உள்ளே பந்தியில், இலையில். சேரியில் பிறந்த வேதக்காரிக்குக் கொட்டகைக்குப் பின்னால், தன் தட்டில். நான் துவைத்த வேட்டியை அவர் கட்டலாம். நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. இந்தக் கணக்கைப் போட்டவன் யாரோ, அவன் துணி துவைத்திருக்கமாட்டான்.

ஆனால் கடலுக்கடியில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஒருநாள் குங்கிலியப் புகை தொண்டையில் ஏறி, இருமிக்கொண்டே வந்து விழுந்தார். இருமல் சத்தம் வெளியே கேட்டால் செத்த தளபதி பிழைத்துக்கொள்வாரே! என் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தார். அண்ணாந்து மடமடவென்று குடித்தார். குடித்து முடித்துத்தான் சொம்பையும் என்னையும் பார்த்தார்.

"உன் பேரு இன்னா?" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் குடிப்பார். பேசுவார்.

"மீசை அரிக்குது மேரி."

"பிச்சுப் போடுங்க. செத்தவருக்கு இன்னாத்துக்கு மீசை?"

வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். எனக்கும் சிரிப்பு வந்து அலை கோணும். மேலே ராஜா வெற்றிப் பாட்டு பாடிக்கொண்டிருப்பார். அந்த ஆளின் குரல் எனக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் சனங்கள் ஒன்ஸ்மோர் கேட்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்வேன். பாட்டு முடிந்தால் திரை விழும். திரை விழுந்தால் அவர் யாரோ, நான் யாரோ.

காதல் என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்க "ஏய், இந்தா" என்று கூப்பிடப்பட்டவளுக்கு, ஒரு பாட்டு நேரம் பேர் இருந்தது. எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிவந்தது. இருட்டில் வெளிச்சம் காட்டக்கூடாது என்று உத்தரவு. முதலாளி சளைக்கவில்லை, பகலிலேயே ஆட்டம் வைத்தார். விழுப்புரத்தில் புழுக்கம் தாங்காமல் மேடையின் பின்தட்டியைப் பிரித்துப் போட்டார்கள். சாயுங்கால வெயில் நேராக என் கடலுக்குள் வந்தது. அன்றைக்குத்தான் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். முகமெல்லாம் நீலம். கன்னத்தில் அம்மைத் தழும்பு. சிரித்தபோது அழகாகத்தான் இருந்தார்.

திண்டிவனம் வந்ததும் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே தீவுத் தளபதி குதிக்கறதில்ல. ராஜா அவரை மன்னிச்சுத் தழுவிக்கறாரு. மேரி, நீ கட்டையை உருவாதே."

"ஏனுங்க?" என்று கேட்டுவிட்டேன். நான் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"சனங்களுக்கு அவரு சாவறது பிடிக்கல. கடலுக்கு இன்னா இதுல நஷ்டம்? போ, ஜல்தி துணியை மடி."

சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வருத்தம் என்று நினைத்தேன். பாழாய்ப்போன சனங்கள்! ஊரெல்லாம் உறவும் சுற்றமும் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள், என்னிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஆட்டம் தொடங்கியது. சொம்பை நிறைத்து வழக்கமான இடத்தில் வைத்தேன். முரசு அடித்தது, நெருப்பு பறந்தது, கயிறு வந்து விழுந்தது. தீவுக் கப்பல் என் தலைக்கு மேல் முனகியது. கட்டையை உருவினால் வேலை போகும், தெரியும். மேலே ராஜா, "வீரனே, உன்னை மன்னித்தோம்" என்று கையை விரித்தார்.

உருவிவிட்டேன்.

கப்பல் சாய்ந்தது. வசனம் சொல்ல நேரமில்லாமல் தளபதி வந்து தொப்பென்று விழுந்தார். கொட்டகையே எழுந்து கத்தியது. நான் அலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையால் சொம்பை நீட்டினேன்.

"இன்னா காரியம் பண்ண நீ?" என்றார்.

"தண்ணி குடிங்க."

வாங்கவில்லை. உதடு காய்ந்திருந்தது, சொம்பைப் பார்த்து எச்சில் விழுங்கினார்.

"மாத்தச் சொன்னது நான்தான் மேரி."

எனக்குப் புரியவில்லை.

"விழுப்புரத்துல வெயிலு பின்னாடியிலிருந்து அடிச்சுது இல்ல? துணியில நம்ம நெழலு விழுந்திருக்கு. நான் அண்ணாந்து குடிக்கறது, நீ சொம்பை வாங்கிக்கறது, அத்தினியும். எங்க மாமா பஸ்சு ஏறி வந்து முன்னாடி குந்திக்கினு பாத்திருக்காரு. கம்பெனியிலயும் தெரிஞ்சு போச்சு. இப்போ பந்தியில எனக்குத் தனியா இலை போடறாங்க. பேஜாராப் பூடுச்சு."

"தனியாத் துன்றது பேஜாருங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. கெட்டவராக இருந்தால் ஏசியாவது இருப்பேன்.

மேலே ராஜா திகைத்து நின்றவர், வேறு வழியில்லாமல் பழைய வெற்றிப் பாட்டையே எடுத்தார். பாட்டு முடியும் வரைகூட சின்னதுரை இருக்கவில்லை. துணியை விலக்கிக்கொண்டு எழுந்தார். மூழ்கிப்போன தளபதி, இடுப்பளவுக் கடலில் நடந்து ராஜாவின் கப்பலைத் தாண்டி உள்ளே போனார். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சீட்டி அடித்தார்கள்.

ஓரத்தில் துணி பிடித்திருந்த பூமாலை குனிந்து, "அக்கா, வந்துடு அக்கா, முதலாளி கத்தறாரு" என்றான். நான் போகவில்லை. பாட்டு முடிந்தது. யாரோ ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டது, அன்றைக்கு நான் கேட்காமலே கிடைத்தது. ராஜா மறுபடியும் பாடினார்.

சொம்பை எடுத்து நானே குடித்தேன். குடித்து முடிக்கும் வரை நடுக்கடல் தொய்ந்து கிடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. காலிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் தூக்க ஆரம்பித்தேன்.