தம்பிக்குத் தெரிந்த வாயு

வாடகை நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தான் தம்பி. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பியாயிற்று. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நேராகப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில் வெல்டர்கள். திங்கட்கிழமை சாரத்திலிருந்து அண்ணன் தலைகுப்புற விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு படிவத்தை நீட்டினார். சுவாசக் குழாயில் ஆக்சிஜனோடு இன்னொரு வாயுவைக் கலந்து கொடுப்பார்களாம். மிச்சமிருக்கும் மூளைச் செல்கள் சாகாமல் அது காப்பாற்றலாமாம். சோதனை முயற்சிதான், உறுதி சொல்ல முடியாது என்றார். அண்ணி மலங்க மலங்க விழிக்க, தம்பிதான் கேட்டான்.

"என்ன வாயு?"

"ஆர்கான்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் அன்றாடம் திறந்து மூடும் சிலிண்டர். அடைத்த தொட்டிக்குள் அது நிரம்பினால் ஆளையே சாய்த்துவிடும். அப்படிச் சாய்ந்த ஒருவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தவன் அவன்.

"அந்த எழவெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். மூன்றாம் நாள் அண்ணன் கண்ணை மூடினான். பெரிய மேதாவி மாதிரிப் பேசி அண்ணனைக் கொன்றுவிட்டோமே என்று அப்போதிலிருந்து நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

கடைசி நாற்காலியோடு நின்றான். "அண்ணி, அன்னிக்கு மட்டும் நான் வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா..."

"நீ வெளிய போனதும் நான் கையெழுத்துப் போட்டுட்டேன், தம்பி."

"என்னது?"

"ஒரு நாள் பூரா குடுத்தாங்க. உங்கிட்ட சொல்ல பயம். அந்த கேஸ்தான் கொன்னுச்சுன்னு நீ சொல்லிட்டா, நான் எங்க போய் முட்டிக்குவேன்?"

அவன் நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பிறகுதான் அவள் இன்னும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது.

"அதனால இல்ல அண்ணி. தொட்டிக்குள்ள ஆக்சிஜன் இல்லாமத்தான் ஆளு சாயுறது. இவங்க ஆக்சிஜனோடதானே குடுத்தாங்க. அது ஒண்ணும் பண்ணாது. நான் ஒரு அவசரக்குடுக்கை, அத யோசிக்கல."

"நெசமாவா?"

"வெல்டர் சொல்றேன்."

"டாக்டரம்மாவும் இதத்தான் சொன்னாங்க. நீ சொன்னாத்தான் நம்பிக்கை வருது."

"அடி அப்படிப்பட்ட அடி அண்ணி. யாரு என்ன பண்ண முடியும்?"

அவள் தலையாட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து தூங்காத அண்ணி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து அவனுக்கும் வந்தது.