நான்கு ஞாயிறும் ஒரு பிரேக் பெடலும்

"அழுத்து" என்றார் முத்துகிருஷ்ணன், காருக்கு அடியிலிருந்து.

தமயந்தி பெடலை அழுத்தினாள்.

"இன்னும் ரெண்டு தடவை. ம். இப்ப அப்படியே பிடிச்சுக்கோ."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் ஸ்பேனரால் ஒரு சின்ன ஸ்குரூவைத் தளர்த்தினார். பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பிரேக் ஆயில் கொஞ்சம் பாட்டிலில் வடிந்தது. பெடல் அவள் காலடியில் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"டைட் பண்ணிட்டேன். விடு. இப்ப எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரிதான் இருக்கு. போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே."

இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

முத்துகிருஷ்ணன் கார்டன் ரீச்சில் ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர். அவர் மனைவி தமயந்திக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை. லேக் கார்டன்ஸில் அவர்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்து கராஜில், ஆறு வருடமாக ஒரு அமெரிக்கக் கார் நிற்கிறது. 1967இல் செய்தது, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். அலிப்பூரில் விற்பனைக்கு வந்த ஒரு பெரிய வீட்டின் ஷெட்டிலிருந்து அவர் அதை வாங்கி வந்தார். வாங்கிய கையோடு முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து, பின்பக்கத்தையும் இறக்கி, வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துவிட்டார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. அவருக்கு அது அழகு. ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன ஜூலை மழையில்தான் வினை வந்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்ததும் டிரம் பிரேக் நனைந்து, மிதித்தபோது வண்டி நிற்காமல் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மூங்கில் ஏற்றிய கைவண்டி ஒன்று எதிரே நின்றது. மூங்கில் நுனி கண்ணாடியைத் தொடாத குறை. வண்டிக்காரர் திட்டியதில் பாதி இந்தி, பாதி போஜ்புரி. எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. தமயந்தி இறங்கி ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள்.

"டிஸ்க் பிரேக் போடற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். நீங்களும் ஏறக்கூடாது" என்றாள்.

அமெரிக்காவில் அந்தக் காருக்கென்றே முழு செட் விற்கிறார்கள். விலையையும் அதற்கு மேல் சுங்க வரியையும் பார்த்துவிட்டு அவர் அவளிடம் வந்தார்.

"நீ கஸ்டம்ஸ்லதானே இருக்க. ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு. டூட்டியைக் கட்டணும்."

அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிக்கனமாகவே செய்துவிடலாம் என்று கிளம்பினார். மல்லிக் பஜாரில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில், உடைத்துப்போட்ட ஜீப் ஒன்றின் முன்சக்கர டிஸ்க்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பர்களும் கிடைத்தன. அவற்றைப் பொருத்தும் இரும்புத் தகட்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். காலிப்பர்களை மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்புப் பெயின்ட் அடித்து, பால்கனியில் காயவைத்தார். இரண்டு நாள் துணி உலர்த்த இடமில்லை.

மாட்டிப் பார்த்தால் முதல் கோளாறு. டிஸ்க் வந்ததில் சக்கரம் ஒரு விரல்கடை வெளியே தள்ளிவிட்டது. இறக்கிய வண்டி வேறு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. உயர்த்தியே ஆகவேண்டும் என்று தெரிந்தும் ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் முன் ஸ்பிரிங்குக்கு மேல் கனமான ரப்பர் வளையம் வைத்து, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினார்.

"இப்ப பார்த்தா டாக்ஸி மாதிரி இருக்கு" என்றார்.

"டாக்ஸியெல்லாம் பிரேக் போட்டா நிக்குது" என்றாள் தமயந்தி.

அதன்பிறகுதான் இந்தக் காற்று எடுக்கும் படலம். பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் கெட்டிப்படாது. ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் உள்ள ஸ்குரூவைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அரை மணி நேர வேலை என்று சொல்லித்தான் அவர் அவளைக் கூப்பிட்டார். அவள் கால் முட்டி வலி எடுக்கும்வரை மிதித்தாள். இரண்டாம் ஞாயிறு, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புதிது போட்டார். மூன்றாம் ஞாயிறு ரப்பர் ஹோஸ்களை மாற்றினார். பெடல் மட்டும் மாறவில்லை.

எதிர் ஃபிளாட் கௌசிக் பாபு தினமும் பால் வாங்கப் போகும் வழியில் நின்று ஒரு யோசனை சொல்வார். ஆயில் சரியில்லை என்பார். மறுநாள், ஈரப்பதம் என்பார். "பௌதி, உங்களுக்கு ரொம்பப் பொறுமை" என்று தமயந்தியை அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு வங்காள மொழியில் சொன்னார்.

நான்காம் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, முப்பதாவது தடவையோ என்னவோ, "அழுத்து" என்ற குரல் வந்தது.

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"கால் வலிக்குது. நாலு வாரமா ஒரே வேலை. நீங்க கீழ என்னதான் பண்றீங்கன்னு நான் பார்க்கணும்."

"பார்த்து நீ என்ன பண்ணப்போற?"

"எதுக்கு மிதிக்கிறேன்னு தெரிஞ்சாவது மிதிப்பேன்."

அவள் இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழற்றி வைத்திருந்த சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிவப்பு காலிப்பரின் அடிப்பக்கத்தில் குழாய் மாட்டியிருந்தது.

"இதுதான் காத்து வெளிய வர்ற இடமா?"

"ஆமா."

"ஏன் அடியில இருக்கு?"

"அது அங்கதான் இருக்கும்."

"காத்து மேலதானே நிக்கும்? துறைமுகத்துல நான் எண்ணெய் டிரம்ல சாம்பிள் எடுக்கறப்ப முழுசா நிரம்பியிருந்தாலும் மேல ஒரு குமிழி நிக்கும். கீழ குழாயைத் திறந்தா எண்ணெய்தான் வரும். காத்து எங்கயும் போகாது."

முத்துகிருஷ்ணன் ஊர்ந்து வெளியே வந்து வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஸ்குரூ அடியில்தான் இருந்தது. திரும்பி வந்து இதைப் பார்த்தார். பிறகு கராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைக்காரன் சாக்பீஸ்ல லெஃப்ட், ரைட்னு எழுதிக் கொடுத்தான்" என்றார். "பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னால கழுவினேன் பாரு, அதுல அழிஞ்சிடுச்சு."

"அப்ப இடது வலதுல இருக்கு."

"வலது இடதுல இருக்கு. அதான் தலைகீழா நிக்குது."

"நாலு வாரம்" என்றாள் தமயந்தி. கோபத்தில் கத்தலாம் என்று நினைத்தாள். கத்துவதற்குக்கூட முட்டி ஒத்துழைக்கவில்லை. மாடிக்குப் போய், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, அவருக்கும் ஒன்று எடுத்து வந்தாள்.

இரண்டு காலிப்பர்களையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது ஸ்குரூ உச்சியில் இருந்தது. அவள் மிதித்துப் பிடித்ததும் குழாய் வழியே புசுபுசுவென்று குமிழிகள் வந்தன. ஏழாவது மிதியில் பெடல் பாதியில் நின்றது. பத்தாவதில் கல் மாதிரி ஆனது. அவள் இன்னொரு தடவை தானாகவே மிதித்துப் பார்த்தாள்.

மாலை நாலு மணிக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அவர் சாவியை அவளிடமே கொடுத்தார். ஆளில்லாத இடமாகப் பார்த்து அவள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்தாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. டாஷ்போர்டில் அவர் வைத்திருந்த மூக்குக் கண்ணாடி பறந்து கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை. "இன்னொரு தடவை மிதி" என்றார். மூன்று தடவை மிதித்தாள்.

திரும்பி வந்தபோது கௌசிக் பாபு வாசல் கேட் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சரியாயிடுச்சா? என்ன கோளாறு?"

"காலிப்பர் பக்கம் மாறிப்போயிடுச்சு" என்றார் முத்துகிருஷ்ணன்.

தமயந்தி எஞ்சினை அணைத்தாள். முத்துகிருஷ்ணனிடம் தமிழில் சொன்னாள்: "அதுவா மாறிப்போகல."

அவர் கௌசிக் பாபுவிடம் வங்காள மொழியில், தான்தான் இடம் மாற்றி மாட்டிவிட்டதாகவும், நான்கு வாரம் தனக்கு அது தெரியவில்லை என்றும், கண்டுபிடித்தது இவள் என்றும் முழுசாகச் சொன்னார். கௌசிக் பாபு தமயந்தியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அவள் சாவியை முத்துகிருஷ்ணன் கையில் கொடுத்துவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு படியேறினாள்.