எருமை உருண்ட ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கைகாட்டி என்று பெயர். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் பாறை மேல் வண்டி ஏற்றுகிறவர்கள் வைத்த பெயர். செங்குத்தாக ஏறும்போது உள்ளே ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்கு ஆகாயம் மட்டும்தான் தெரியும். எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று முன்னால் ஒருவர் நின்று காட்ட வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மற்ற ஆறு நாளும் அவளுக்குப் பெரிய மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் வேலை. பதினாறு வருஷமாக உடைந்த எலும்புகளோடு பழகியவள்.

அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ வண்டியின் சட்டத்தை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் போட்டு, லாரி அச்சைப் பூட்டி, நாலு இடத்தில் தேடி ஒரு எஞ்சினைப் பிடித்து, ஏழு வருஷத்தில் ஒரு வண்டியை எழுப்பியிருந்தான். கருஞ்சாம்பல் நிறம், அகன்ற மூக்கு, அவசரமே படாத நடை. அதனால் எருமை. உருண்டால் நசுங்கக் கூடாதென்று உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு பற்ற வைத்திருந்தான்.

அவளுடைய அண்ணனும் அதே பைத்தியம்தான். மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவன், ஊரே முதலாளி என்று கூப்பிடும். அவனுடைய சிவப்பு வண்டி வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தது. கம்பி சுற்றி இழுக்கும் விஞ்ச், விளக்குகள், பாறைச் சக்கரம் என்று எதையும் அவன் கையால் முடுக்கியதில்லை. ஆனாலும் அவன் கண் எருமை மேல்தான். இரண்டு தடவை விலைக்குக் கேட்டான். "புள்ளையையா விப்பாங்க மச்சான்?" என்று கணவன் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டான்.

அண்ணனுடைய கோபம் அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அப்பா அவனைப் பெல்ட்டால் விளாசுவார். அவன் அந்தக் கணக்கை அவளிடம் தீர்ப்பான். பதினொரு வயதில் அவளுடைய மேல் பல் ஒன்றைப் பெயர்த்தான். சைக்கிளிலிருந்து விழுந்ததாக வீட்டில் சொல்லிவிட்டாள். இப்போதும் அவன் குரல் உயர்ந்தால் அவள் தோள்கள் தானாக ஒடுங்கும்.

அந்த ஞாயிறு வருஷாந்திரப் போட்டி. கடைசிக் கட்டம் ஏணி. குவாரிக்காரர்கள் படிப்படியாக வெட்டிவிட்டுப்போன பாறைச் சரிவு. ஒவ்வொரு படியும் இடுப்பு உயரம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடங்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏறலாம். கொடிக்காரர் பச்சைக்கொடி காட்டும்வரை அடுத்தவர் கீழே நிற்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் எல்லோரும் கூடி டீ குடித்தார்கள். காலையிலேயே இரண்டு கட்டத்தில் சிவப்பு வண்டி மாட்டிக்கொண்டது. இரண்டு தடவையும் எருமைதான் சங்கிலி போட்டு இழுத்தது.

"மாப்ள, என் வண்டியில ஒரு பட்டன அமுக்கினா போதும், அதுவே ஏறிடும்" என்றான் அண்ணன்.

"அப்ப நீ எதுக்கு மச்சான் உள்ள உக்காந்திருக்க? வெயிட்டுக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொடிக்காரருக்குப் புரையேறியது. அண்ணனும் சிரித்தான், ஆனால் காகித டீக் கோப்பை அவன் கைக்குள் நசுங்கியது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஏங்க, அவனோட இப்படி விளையாடாதீங்க" என்று கணவனின் காதில் சொன்னாள்.

"பெரிய மனுஷன். இதெல்லாம் தாங்குவான்" என்றான் அவன்.

எருமை முதல் இரண்டு படிகளையும் ஏறிவிட்டது. மூன்றாவது படியில் பின் சக்கரம் வழுக்கியது. அவள் மேலே நின்று இடது கையைத் தாழ்த்தினாள்: கொஞ்சம் இறக்கு, திருப்பு, மறுபடி. அவன் இறக்கினான், திருப்பினான். ரப்பர் கருகும் நாற்றம் மேலே வந்தது. மூன்றாவது முயற்சி, நான்காவது. கீழே சிவப்பு வண்டியின் ஹாரன் நீளமாக அலறியது.

பிறகு அது கிளம்பியது. கொடி இன்னும் கொடிக்காரரின் கக்கத்தில் இருந்தது. பக்கத்துத் தடத்தில் இரண்டு படிகளையும் ஒரே மூச்சில் தாண்டி எருமைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றது. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரித்தாள். நில். அந்தச் சைகைக்கு வேறு அர்த்தமே கிடையாது. அண்ணன் கண்ணாடிக்குள்ளிருந்து அவளை நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை வெட்டி மிதித்தான்.

சிவப்பு வண்டியின் இரும்பு பம்பர் எருமையின் பின் விலாவில் இடித்தது. ஒரு கணம் எருமை ஒரு பக்கத்துச் சக்கரங்களில் நின்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு சாய்ந்தது. கீழ்ப் படியில் கூரை மோதியது, அதற்கும் கீழ்ப் படியில் கதவு, தரையில் மறுபடி கூரை. கண்ணாடி, கருவிப்பெட்டி, ஒரு செருப்பு எல்லாம் தனித்தனியாகப் பறந்தன. கீழே நான்கு சக்கரமும் மேலே சுழல, மல்லாந்து கிடந்தது.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. கூண்டு தாங்கியிருந்தது. ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் கதவு உள்ளே குத்திக்கொண்டு போய், பிரேக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவனுடைய வலது காலைப் பிடித்திருந்தது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். காலிலிருந்து ரத்தம் தொடை வழியாக வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து முகத்துக்கு வழிந்தது.

"எஞ்சின நிறுத்து" என்றான். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

அவள் சாவியைத் திருகினாள். சாமான் கட்டும் பட்டியை எடுத்து அவன் தொடையில் சுற்றி, ஸ்குரூடிரைவரைச் செருகி, அவன் அலற அலற முறுக்கினாள். ரத்தம் சொட்டாகக் குறைந்தது. முறுக்கின ஸ்குரூடிரைவர் திரும்பாதபடி துணியால் கட்டி இறுக்கினாள். அதற்குள் ஒருவர் இரும்பு அறுக்கும் கட்டரோடு வந்துவிட்டார். "தள்ளிக்கம்மா, பொறி பறக்கும்" என்றார்.

அவள் பின்னால் நகர்ந்து நிமிர்ந்தபோது அண்ணன் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. வாயில் மட்டும் தெம்பு குறையவில்லை.

"நீதான வான்னு கை காட்டின?" என்றான், சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "ரெண்டு கையையும் ஆட்டி நீதான கூப்பிட்ட?"

"அண்ணா."

"என்ன அண்ணா? ஒழுங்கா காட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை?"

சிதறிக் கிடந்த கருவிகளுக்கு நடுவில் ஜாக்கியின் இரும்புத்தடி கிடந்தது, கை நீளத்துக்கு. அவள் குனிந்து எடுத்தாள். அண்ணன் இடது கையைத் தூக்கி மறைத்தான். அதன் மேலேயே அடித்தாள். முழங்கைக்குக் கீழே பச்சை மூங்கில் பிளப்பதுபோல் சத்தம் கேட்டது. இரண்டு எலும்பும் போயிற்று என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. அவன் மண்டியிட்டான். அடுத்த அடி தோளில் விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவள் ஓங்கிய இடம் அவன் தலை.

கொடிக்காரர் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். "அம்மா! செத்துருவான்மா!"

"சாகட்டும்!" என்று கத்தினாள். தன்னுடைய குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கொடிக்காரரின் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை.

அப்போதுதான் அண்ணனின் கை அவள் கண்ணில் பட்டது. மணிக்கட்டு வேறு திசை பார்த்துத் தொங்கியது. தோலுக்கு அடியில் எலும்பின் முனை கூடாரக் கொம்புபோல் தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அசைந்தால் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். விரல்கள் நீலம் பாயத் தொடங்கியிருந்தன.

தடி கீழே விழுந்தது. "அசையாத" என்றாள். "யாராவது ரெண்டு பலகை கொண்டாங்க. துணி வேணும், நிறைய."

"தொடாத என்னை! கொலைகாரி!" என்று அவன் கத்தினான். கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னான். அவள் காதில் வாங்காமல் கையை மெல்ல இழுத்து நேராக்கி, பலகை வைத்து, சட்டைகளைக் கிழித்துக் கட்டினாள். நகங்களை அமுக்கி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். திரும்பியது. பிறகுதான் கட்டரின் சத்தம் மறுபடி அவள் காதில் விழுந்தது.

மருத்துவமனையில் அவள் வேலை செய்யும் மாடிக்கே இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். கணவனின் கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அண்ணனுக்குக் கை எலும்பில் இரண்டு தகடுகள் வைத்தார்கள்.

விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். அண்ணன் பாறையில் வழுக்கிக் கை உடைந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தான். தங்கச்சியிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அவர் அப்படிச் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான்தான் அடிச்சேன். இரும்புத்தடியால. ரெண்டு தடவ."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "எழுதிட்டா திரும்ப அழிக்க முடியாது."

"எழுதுங்கம்மா. அவன் வேணும்னே இடிச்சதையும் எழுதுங்க. நான் நில்லுன்னு காட்டினேன். என்னைப் பாத்துக்கிட்டேதான் மிதிச்சான்."

அவளை வேலையிலிருந்து மூன்று மாதம் நிறுத்தினார்கள். அவளுடைய அம்மா போன் செய்து, "கூடப் பொறந்தவன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அதெல்லாம் அவளைப் பெரிதாக வருத்தவில்லை. கணவன் பேசாததுதான் வருத்தியது. வீட்டுக்கு வந்த பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தான். ஊன்றுகோலால் நிலைக்கண்ணாடியை உடைத்தான். ஒரு மதியம் கட்டு மாற்றும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தான், வலிக்கும்படி.

"பதினோரு நிமிஷம்" என்றான். "டேஷ்போர்டுல கடிகாரம் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் தலைகீழா தொங்கிக்கிட்டுப் பாத்துட்டு இருந்தேன். நீ அவன உடைச்ச. சரி. கட்டு எதுக்குடி போட்ட?"

"தெரியல. கை தானா போச்சு."

"இங்க என் காலு போச்சு. அந்தப் பதினோரு நிமிஷம் என் பக்கத்துல நீ இருந்திருந்தா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் எலும்பு டாக்டரையே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கதவு குத்தினப்பவே எலும்பு, நரம்பு எல்லாம் கூழாயிடுச்சு. உங்க மனைவி போட்ட கட்டு அவிழவே இல்ல. அது இல்லைன்னா உங்களுக்குச் சாவு அங்கயே." கணவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தீர்ப்பு வர ஒரு வருஷம் ஆனது. அண்ணனுக்கு இரண்டு வருஷம் சிறை. அவளை ஒரு வருஷ நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். நீதிமன்ற நடையில் அண்ணன் அவளைக் கடந்து போனான். இடது கை முழுதாக நீளவில்லை. தகடு வைத்த இடத்தில் எலும்பு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் போனது. அவன் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அவள் தோள்கள் ஒடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த எருமையின் மேல் பொய்க்காலோடு சாய்ந்து நின்று, நசுங்கின கூரையை அறுத்துக்கொண்டிருந்தான் கணவன். தரையெல்லாம் கண்ணாடித்தூள். சம்மட்டியால் அடித்துக் கிழித்த தகரங்கள் மூலையில் குவிந்திருந்தன. சரிசெய்கிறானா, கடைசியாகக் கொன்றுவிடுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"அந்த முனையப் பிடி. விழுந்தா கால்ல விழும். எனக்கு ஒண்ணுதான் மிச்சம்."

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தின் முனையைப் பிடித்தாள். பாதி அறுத்ததும் அவன் கிரைண்டரை நிறுத்தினான்.

"ரெண்டு வருஷமாமே?"

"ஆமா."

"வெளிய வந்து மறுபடி வம்புக்கு வந்தான்னா, நீ மறுபடி அவன் கைய உடைச்சேன்னா, கட்டு போடுவியா?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "போடுவேன்."

அவன் முகத்தில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைப் புறங்கையால் துடைத்தான்.

"அப்ப ரெண்டு கையையும் உடைச்சுட்டுப் போடு" என்று சொல்லிவிட்டு, கிரைண்டரை மறுபடி தகரத்தில் வைத்தான்.