தங்க ஒமேகாவுக்குள் இருந்த மெஷின்

சித்தூரில் மாங்கூழ் ஃபாக்டரி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவி செங்கம்மா. குடுபல்லிப் பக்கம் கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். ஐம்பது வயசாகிறது. புடவையிலும் நகையிலும் அவளுக்குப் பெரிய பிடிப்பில்லை. பழைய ஸ்விஸ் வாட்ச் என்றால் மட்டும் உயிர். சாவி கொடுத்து ஓட்டும் ஆண்கள் வாட்ச்தான் வாங்குவாள். இருபது வருஷத்தில் எட்டு சேர்ந்திருந்தன. தினம் ஒன்று கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

அந்த எட்டையும் தொட அவள் விட்ட ஒரே ஆள், திருப்பதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த கங்கையா. அவளைவிட நாலைந்து வயசு மூத்தவர். பதினோரு வருஷப் பழக்கம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுத்தம் பண்ணி எண்ணெய் போட அவரிடம் கொடுப்பாள். ரசீது கேட்டதில்லை, அவரும் எழுதித் தந்ததில்லை. அவள் மகள் சுமித்ராவின் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து, பந்தியில் நின்று பரிமாறினவர். அவளை அவர் தங்கச்சி என்றார், அவள் அண்ணா என்றாள். அது வெறும் வாய்ப்பேச்சு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த வருஷம் மாம்பழ சீசன் முடிந்ததும் ஒன்பதாவதை வாங்கிவிட வேண்டும் என்றிருந்தாள். கங்கையா ரெண்டு வாட்ச் எடுத்து வைத்திருந்தார். ஒன்று தங்கக் கேஸ் போட்ட ஒமேகா, ஐம்பதுகளில் வந்தது. இன்னொன்று ஸ்டீல் லாஞ்சின்ஸ். அதன் டயல் பழுத்துப்போய் டீ நிறத்துக்கு வந்திருந்தது. அவளுக்கு அந்த ஸ்டீல்மேல்தான் கண் போயிற்று. தங்கத்தை எடுத்துக்கொள் என்று கங்கையா வற்புறுத்தினார். இந்த நிலைமையில் இப்படி ஒரு மெஷின் இனிமேல் கிடைக்காது, ஒரு நாளைக்கு அஞ்சு செகண்டுகூடப் பிசகாது என்றார். ரெண்டையும் கொண்டுபோய் ஒரு வாரம் கட்டிப் பார்த்து முடிவு பண்ணச் சொன்னார். எப்போதும் அப்படித்தான் செய்வார். அந்தப் பெருந்தன்மை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூணு நாள் தங்கத்தைக் கட்டினாள். அவர் சொன்ன மாதிரியே அது பிசகாமல் ஓடியது. நாலாம் நாள் காலையில் நேரம் வைக்கப் பக்கத்துத் திருகுக் குமிழை இழுத்தபோது அது கையோடு வந்துவிட்டது. அடுத்தவர் பொருள் என்று பதறிப்போய், சித்தூரிலேயே சலீம் என்பவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். சலீம் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூதான் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டு, மெஷின் ரொம்ப அழகு மேடம், பாருங்கள் என்று லென்ஸைக் கொடுத்தார்.

செம்பு நிறத்தில் மின்னிய மெஷினைப் பார்த்தாள். அதில் வெட்டியிருந்த எண்ணையும் படித்தாள். டின் டின்னாக பேட்ச் நம்பர் படித்துப் பழகின கண் அது. கடைசி நாலு எண் ஏழு மூணு ஒண்ணு ஆறு. எங்கேயோ பார்த்த எண்.

வீட்டுக்குப் போய் ஃபைலை எடுத்தாள். அவள் வாட்சுகளில் ஒன்று ஸ்டீல் கேஸ் போட்ட ஒமேகா. சித்தூரில் டாக்டராக இருந்த ஒருவர் குடும்பத்திடம் வாங்கியது. அதோடு வந்த பழைய கேரண்டிக் காகிதத்தில் மெஷின் எண் இருந்தது. எட்டு எண்ணும் அப்படியே பொருந்தின. மூணு தடவை விரல் வைத்துப் படித்தாள். அன்றைக்கு மத்தியானம் ஃபாக்டரிக்குப் போகவில்லை. எட்டு வாட்சையும் சலீமிடம் கொண்டுபோய் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னாள்.

அவளுடைய ஸ்டீல் ஒமேகாவுக்குள் அதே வகையில் தேய்ந்துபோன வேறொரு மெஷின் இருந்தது. இன்னும் ரெண்டு வாட்சில் பல வாட்சின் உதிரிகளைச் சேர்த்து ஓடவிட்டிருந்தது. சலீம் யாரையும் குறை சொல்லவில்லை. இதையெல்லாம் யார் கடைசியாகத் திறந்தது என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் பழையபடி மூடித் தரச் சொன்னாள் செங்கம்மா.

ஞாயிற்றுக்கிழமை, கங்கையா கொடுத்த ரெண்டையும் தன் ஸ்டீல் ஒமேகாவையும் பையில் எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள். புத்தலப்பட்டு தாண்டும் வரை ஏதாவது ஒரு நியாயமான காரணம் இருக்கும் என்று மனசுக்குள் தேடிக்கொண்டே வந்தாள். மறதியாக மாற்றிப் போட்டிருக்கலாம், கடையில் வேறு யாராவது செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் வேறு யாரும் கிடையாது.

கங்கையா சிரித்தபடி வரவேற்றார். எதை எடுத்தாய் என்று கேட்டார். தங்கத்தை என்றாள். நான்தான் சொன்னேனே என்று சந்தோஷப்பட்டார்.

"அண்ணா, இதுக்குள்ள கீற மெஷின் யாருது?"

"அதோடதுதான், வேற யாருது?"

செங்கம்மா கேரண்டிக் காகிதத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்தாள். போனில் எடுத்த மெஷின் போட்டோவைப் பக்கத்தில் வைத்தாள். கங்கையா கண்ணாடியை மாட்டி ரெண்டையும் வெகுநேரம் பார்த்தார். மறுப்பார், கோபப்படுவார், அழுவார் என்று பஸ்ஸில் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அவர் எதுவும் செய்யவில்லை.

"வேற யாருக்கும் தரலியே தங்கச்சி. உன் பொருள் உன்கிட்டயே தானே வந்துக்குது. தங்கக் கேஸுல நல்லா கீதுன்னு நீயே கட்டிக்கினு திரிஞ்ச இல்ல?"

அவளுக்குக் களவு கொடுத்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு முறையும் உன் கண் நல்ல கண் என்று புகழ்ந்தவர், அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதைச் செய்திருக்கிறார். கல்யாணத்தில் அவர் பரிமாறின நாளில் இந்த மெஷின் ஏற்கெனவே மாறியிருந்ததா, அதற்குப் பிறகுதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த ஸ்டீல் ஒமேகா நேரம் பிந்த ஆரம்பித்ததே, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவரிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான். முன்னாலேயே மாறிவிட்டிருந்தது.

மற்ற ரெண்டு வாட்சின் மெஷின் எங்கே என்று கேட்டாள். பெங்களூர் ஆள் ஒருத்தன் கொண்டுபோனான், இப்போது எங்கே இருக்குமோ தெரியாது என்றார்.

"என் மெஷினை என் கண்ணெதிர்ல மாத்திக் குடு" என்றாள். அண்ணா என்ற சொல் வரவில்லை. அதை இருவருமே கவனித்தார்கள்.

ரெண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் கை துளிகூட நடுங்கவில்லை. எப்போதும் போல நிதானமாக, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்து வேலை செய்தார். அந்தக் கை கொஞ்சமாவது தடுமாறியிருந்தால் அவளால் கொஞ்சமாவது மன்னித்திருக்க முடியும்.

முடித்துக் கொடுத்துவிட்டு, லாஞ்சின்ஸை அவள் பக்கம் நகர்த்தினார். அதை எடுத்துக்கொள், நீ ஆசைப்பட்டது, அதில் நான் கை வைக்கவில்லை, வெங்கடேசன்மேல் ஆணை என்றார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். டீ நிற டயலை ஒரு நிமிஷம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பிடித்துப்போன வாட்ச் வேறு இல்லை. அதை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். போலீஸில் சொல்லவில்லை. ரசீது இல்லாமல் என்னவென்று சொல்வது? ஃபாக்டரியில் தான் அவரிடம் அனுப்பிவைத்த நாலு பேரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் உதிரி மெஷின் போட்ட ரெண்டையும் சரிபார்க்க சலீமிடம் கொடுத்தாள். கொடுக்கும் முன் உள்ளே இருக்கிற எண்களை ஒரு தாளில் எழுதி அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். சலீம் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். மனசு புண்பட்டது அவர் முகத்தில் தெரிந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.