இருபத்தோராவது பிரதி

அப்பா நாற்காலியில் வாய் பிளந்து தூங்கியதை, அவர் உயிரோடு இருந்தபோதே அக்கா செம்புத் தகட்டில் கீறி வைத்திருந்தாள். அவர் போன பிறகு தம்பி அதை அச்சுப் போட்டான். இருபது பிரதிகள். ஒவ்வொன்றின் அடியிலும் அக்கா பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 3/20 என்றால் இருபதில் மூன்றாவது. இருபத்தோராவது என்று ஒன்று வராது என்பதற்கும் அதுதான் வாக்கு. இருபதும் கேலரிக்குப் போய் விற்றுப்போயின.

எண்ணில் சேராத கலைஞர் பிரதி என்று இரண்டு உண்டு. வரைந்தவர் தனக்கென்று வைத்துக்கொள்வது. ஒன்று கண்காட்சிக்குப் போய்த் தொலைந்தது. இன்னொன்றைக் கேலரிக்காரர் ஆசைப்பட்டார் என்று அக்கா தூக்கிக் கொடுத்துவிட்டாள். மை சரியாக விழுகிறதா என்று முதலில் எடுத்த சோதனைப் பிரதிகளைத் தம்பி வழக்கம்போல் கிழித்துப் போட்டிருந்தான். வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. இனி யாரும் அச்சுப் போட முடியாதபடி தகட்டின் மேல் கோடு கீறி ரத்து செய்கிற நாளன்று வந்து கேட்டாள்.

"போட்டோவுல எல்லாம் அந்த மனுஷன் சண்டைக்கு வந்த மாதிரி முறைச்சுக்கிட்டு நிப்பாரு. தூங்குற மூஞ்சிதான்டி அவரு மூஞ்சி. எனக்கு ஒண்ணு குடு."

"தீந்துபோச்சும்மா."

"தகடு இருக்குல்ல?" என்றான் தம்பி. "எண் வேணாம், கையெழுத்து வேணாம். அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுடறேன். யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல? இருபதுன்னு எழுதினா இருபதுதான்."

"ஆமா, பெரிய நேர்மைப் புலி. உன் பங்கை அந்தாளுக்குத் தூக்கிக் குடுத்தப்ப அம்மா ஞாபகம் வரலையாக்கும்."

ரத்து செய்வதை நேரில் பார்க்கக் கேலரிக்காரர் உள்ளே வந்தார். அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் அக்கா ஊசியை எடுத்தாள். அப்பாவின் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பு. குறுக்கே இன்னொன்று. செம்பு கிறீச்சிட்டது.

தகடு ரத்தானதற்குச் சாட்சியாக ஒரே ஒரு பிரதி எடுப்பது வழக்கம். தம்பி மை பூசி, துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையை ஓட்டினான். தாளை உரித்ததும் கேலரிக்காரர் உச்சுக் கொட்டினார்.

"ஏம்மா, ஓரமா ஒரு கோடு போட்டிருந்தாலே போதுமே. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? இதை வீட்டுலயே வச்சுக்கிட்டிருக்கலாம்."

அக்காவுக்கு அது தெரியாததல்ல. இதற்கு முன் ரத்து செய்த தகடுகளை எல்லாம் அவள் ஓரத்தில்தான் கீறியிருக்கிறாள். இன்றைக்குத் தம்பி மேல் இருந்த கோபம் கையில் இறங்கிவிட்டது.

கேலரிக்காரர் பிரதியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். முந்தானை நுனியால் கோட்டைத் துடைத்தாள். மை காயவில்லை. கோடு போகவில்லை; அப்பாவின் வாய் கன்னம் வரை இழுபட்டது.

"ஐயோ" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு இன்னொண்ணு போடுடா" என்றாள் அக்கா.

"எத்தனை போட்டாலும் கோட்டோடதான்க்கா வரும்."

"தெரியும். போடு."

தம்பி தாளை நனைக்கப் போனான்.