மூன்று வாய்க் களி

“அண்ணா, வாய்க்கரிசிக்கு எந்த மூட்டையில எடுக்கட்டும்?”

ஸ்டோர் ரூம் வாசலில் திம்மராயன் எவர்சில்வர் தட்டோடு நின்றான். சென்னப்பனின் ஓட்டலில் பதினாறு வருஷமாகச் சரக்கு மாஸ்டர். இட்லி அரிசி எது, சாப்பாட்டு அரிசி எது என்று கண்ணைக் கட்டி விட்டாலும் தொட்டுச் சொல்லிவிடுவான். இன்றைக்கு அவனுக்கே கை ஓடவில்லை. சென்னப்பன் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போய், பொங்கலுக்கென்று வைத்திருந்த பச்சரிசி மூட்டையைப் பிரித்து இரண்டு படி அள்ளித் தட்டில் கொட்டினார். இவ்வளவு எதற்கு, ஒரு கை அரிசி போதும் என்றான் திம்மராயன். இருக்கட்டும், ஆள் நிறைய வருவார்கள் என்றார் சென்னப்பன். சொன்ன பிறகுதான் அது பந்திக்குப் பேசுகிற பேச்சு என்று உறைத்தது.

அவர் மனைவி மாதேஸ்வரி, ஓட்டல் ஹாலில் கிடந்தாள். வீடு மாடியில். அந்தக் குறுகலான படியில் ஐஸ் பெட்டி திரும்பவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு ஆட்கள் இறக்கி வைத்துவிட்டார்கள். மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் அவளைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அதற்கு நேர் மேலே சுவரில், கை கழுவும் இடம் என்று அம்புக்குறி போட்ட பலகை. அதைக் கழற்றியிருக்கலாம். சென்னப்பனுக்குத் தோன்றியது, ஆனால் ஸ்டூலைப் போட்டு ஏற உடம்பு வரவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் அந்த ஓட்டலைத் தெரியாத கம்பெனி ஆள் கிடையாது. மதிய ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் வழக்கம்போலச் சாப்பிட வந்தார்கள். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கக் கும்பிட்டார்கள். எல்லோரும் அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டவர்கள். பசியோடு வந்தவர்கள் பசியோடு திரும்பிப் போனார்கள். இருபத்தோரு வருஷத்தில் இந்த வாசலில் அப்படி நடந்ததில்லை.

காவியா தாயின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. ஒரே மகள். இன்னும் கல்யாணமாகவில்லை. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அழுது அழுது குரல் கம்மிப்போய், துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சோறு குடுன்னு கேட்டுச்சு. நாப்பத்தியோரு நாளும் கேட்டுச்சு. நான் ஒரு வாய் குடுக்கல.”

கேட்டவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பாகலூரிலிருந்து வந்திருந்த சரசம்மா, மாதேஸ்வரியின் அக்கா, டாக்டர் சொன்னதைத்தானே செய்தாய் என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சமாதானம் சொன்னாள். காப்பி டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

“தாயும் புள்ளயும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. ரெண்டு நாளா பட்டினி கெடக்கற. ஒரு மொடக்கு குடி, தாயி.”

காவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்லா மேசையருகே நின்றிருந்த சென்னப்பன் தரையைப் பார்த்தார். காலையிலிருந்து எத்தனை தடவை அவள் அதைச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் அதை முழுசாகக் கேட்டார். மாதேஸ்வரி பட்டினியாகப் போகவில்லை. மூன்று வாய் களி சாப்பிட்டாள். ஊட்டியது அவர்தான். அதனால்தான் அவள் செத்துப்போனாள். இது இரண்டும் அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் போனதோடு தொண்டையும் சேர்ந்து போயிருந்தது. விழுங்கினால் வயிற்றுக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள் என்று சொல்லி, மூக்கில் குழாயைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று காவியா பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். வேளாவேளைக்குப் பாலும் கஞ்சித் தெளிவும் குழாயில் இறங்கின. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க இடது கையைத் துணிப்பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். மாதேஸ்வரிக்குத் தமிழ் மறந்துவிட்டது. குழறலாக வந்ததெல்லாம் பிறந்த வீட்டுக் கன்னடம், அதிலும் பெரும்பாலும் ஒரே சொல். ஊட்டா. சாப்பாடு. கீழே தாளிக்கிற வாசனை மாடி ஏறும்போதெல்லாம் ஊட்டா, ஊட்டா என்றாள். நானூறு பேருக்குச் சோறு வடிக்கிற அடுப்புக்கு மேலே அவள் அப்படிக் கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குச் சென்னப்பன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். லீவு தீர்ந்து காவியா டூட்டிக்குப் போயிருந்தாள். பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஜோதியம்மாள் குளிக்கப் போயிருந்தாள். ஊட்டா என்றாள் மாதேஸ்வரி. அது கேட்கிற மாதிரியே இல்லை. கேட்டுப் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் பழக்கத்தில் சொல்கிற மாதிரி இருந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

கீழே போனார். மதியக் கூட்டம் முடிந்து வேலைக்காரர்கள் பின்கட்டில் படுத்திருந்தார்கள். தங்களுக்கென்று கிண்டிய ராகிக் களியில் கொஞ்சம் மீதம் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பிடி எடுத்து, அவரைக்கொட்டைக் குழம்பு விட்டுக் கரைத்து, கட்டியில்லாமல் பிசைந்து மேலே கொண்டுபோனார். தலையணையை உயர்த்தி வைத்து விரலால் ஊட்டினார். முதல் வாயை நாக்கிலேயே வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவது வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தாள். மூன்றாவது வாய்க்கு இருமினாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தார். வாயைத் துடைத்தார். ஜோதியம்மாள் வருவதற்குள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளுக்கு ஊட்டியது அன்றைக்குத்தான். நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் அவர். அதே ஓட்டலில் மாவு அரைக்க வந்தவள் அவள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளாமல் கோயிலில் தாலி கட்டினார்கள். தனிக் கடை வைத்த பிறகு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதாக அவருக்கு ஞாபகமில்லை. ஓட்டல்காரன் வீட்டில் சாப்பாட்டு நேரமென்று ஒன்று ஏது. கடைசி ஆள் இலையை எடுத்த பிறகு, மூன்று மணிக்கு மேல், அடுப்போரம் நின்றபடியே அவள் எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதே இல்லை. சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில் நிற்கிறவளைப் போய் அதைக் கேட்பானேன் என்று இருந்துவிட்டார். கேட்டிருக்க வேண்டும். இப்போது புத்தி வந்து யாருக்கு லாபம்.

அன்றைக்கு ராத்திரி காவியா வந்து குழாயில் பால் விட்டாள். புதன்கிழமை காலையில் காய்ச்சல் கொதித்தது, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலுக்குள் உணவு இறங்கியிருக்கிறது, குழாய் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். காவியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே நின்ற சென்னப்பன் அப்போதே சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை விடிகாலையில் எல்லாம் முடிந்துபோயிற்று.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, சிவப்புப் புடவை கட்டினார்கள். பூவோடும் பொட்டோடும் போகிறாள், கொடுத்துவைத்த மகராசி என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். சென்னப்பனுக்கு அவர்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்ல வேண்டும்போல் எரிச்சலாக வந்தது. மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தனியாக நிற்கலாமென்று ஸ்டோர் ரூமுக்குப் போனார். பின்னாலேயே காவியா வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“அப்பா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். செவ்வாக்கெழம எட்டு மணிக்குப் பால் ஊத்தினேன் இல்ல. டூட்டி முடிச்சு வந்த அலுப்பு. டியூப் எடத்துல இருக்குதான்னு பாக்காமயே ஊத்திட்டேன். அதான் உள்ள போயிருக்குது.”

“இல்ல பாப்பா…”

“ஆறுதல் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்பா, நான் நர்ஸு. சோறும் குடுக்காம, நானே கொன்னும் போட்டுட்டேன்.”

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, பாடை தயார், வீட்டுக்காரர் எங்கே என்று வெளியில் யாரோ கூப்பிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. இருந்தாலும் போனார்.

பெண்கள் வாய்க்கரிசி போட்டபோது காவியாவின் கை நடுங்கி அரிசியெல்லாம் தரையில் சிதறியது. மறுபடி அள்ளிக் கொடுத்தார்கள். மறுபடியும் சிதறியது. அந்தக் கையை ஊர்வலம் போகிற வழியெல்லாம் சென்னப்பன் நினைத்துக்கொண்டே நடந்தார். நாளைக்கு இன்னொருத்தருக்குக் குழாய் போடப் போகிற கை அது. சாகிறவரைக்கும் நடுங்கும். சொல்லிவிட்டால் நடுக்கம் நிற்கும். ஆனால் அதன் பிறகு அவள் தன்னை அப்பா என்று கூப்பிடுவாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. பெண்டாட்டியைக் குழிக்குள் இறக்கப் போகிற நேரத்தில் மகளையும் இழக்கத் தைரியம் வரவில்லை. இதற்குக் கோழைத்தனம் என்றுதான் பேர். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஏரிக்கரை இடுகாட்டில் அவரைக் கடைசியாக வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். பச்சரிசி உதட்டில் நிற்கவில்லை, கன்னத்தோரம் வழிந்து காதில் விழுந்தது. விரலால் எடுத்து மறுபடி வைத்தார். அதுவும் வழிந்தது, இன்னொரு தடவை வைத்தார். போதுங்க, மூணு தடவ போட்டாச்சு என்று யாரோ அவர் தோளைப் பிடித்து எழுப்பினார்கள். குழியை மூடிவிட்டு எல்லோரும் ஏரியில் முழுகி எழுந்தார்கள்.

திரும்பி வந்தபோது ஹாலைக் கழுவி விட்டிருந்தார்கள். மேசைகளில் இரண்டை இழுத்துப் போட்டு இலை விரித்திருந்தது. அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சரசம்மா வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தன. வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. சரசம்மா அப்பாவுக்கும் மகளுக்கும் பரிமாறிவிட்டு, சாப்பிடுங்கள் என்று அதட்டிவிட்டு, அலுப்பில் படுத்திருந்த சொந்தக்காரர்களைப் பார்க்க மாடிக்குப் போனாள். ஹாலில் இருவர் மட்டும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். காவியா சோற்றைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா. உங்கம்மா பட்டினியா போகல.”

அவள் நிமிர்ந்தாள்.

“செவ்வாக்கெழம நீ டூட்டியில இருந்தப்ப நான் களி கரைச்சு ஊட்டினேன்.”

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. காவியாவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நோயாளியின் வீட்டுக்காரரைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

“எத்தன மணிக்கு?”

“மூணரை இருக்கும்.”

“எவ்வளவு?”

“மூணு வாய்.”

“இருமுச்சா?”

“மூணாவது வாய்க்கு இருமினா. ரொம்ப நேரம் இருமினா.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மூன்றரை மணி, இருமல், எட்டு மணிப் பால், விடிந்ததும் காய்ச்சல் என்று அவள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. எல்லாம் பொருந்திய இடத்தில் அவள் தோள் இரண்டும் இறங்கின. திட்டுவாள் என்று சென்னப்பன் காத்திருந்தார். எழுந்து வந்து அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றாவது கேட்பாள் என்று நினைத்தார். அவள் கேட்டது வேறு.

“அம்மா ஏதாச்சும் சொல்லுச்சா?”

“உப்பில்லன்னா.”

காவியாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் அவள் குனிந்துகொண்டாள். பிறகு எழுந்தாள். சோறு சிந்தாமல் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், தள்ளியிருந்த இன்னொரு மேசையில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பருப்பை விட்டுச் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள்.

வேகவேகமாகச் சாப்பிட்டாள். இடையில் ஒரு தடவை முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் இலையை மறந்து சென்னப்பன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் சோறு தீர்வதைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வது அவர் தொழில். எழுந்து குண்டானை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கரண்டி வைத்தார். போதும் என்று அவள் கையைக் குறுக்கே நீட்டவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அவர் பருப்பை எடுக்கப் போனார்.