குதிக்கச் சொல்லி வாங்கிய கேமரா

உள்ளரங்கத்தின் வாசலில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மேல் பாதியில் ஆண்கள் வாலிபால் அணி. ஒருவன் வலைக்கு மேலே எம்பிப் பந்தை அறைகிறான், எதிரே மூன்று பேர் கையைத் தூக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். கீழ்ப் பாதியில் பெண்கள் அணி. வரிசையாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறது.

"ஏதோ கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி இருக்கோம்," என்றாள் தங்கச்சி. அந்த அணியின் லிபரோ அவள். பின்வரிசையில் நின்று, தரையில் விழுந்து புரண்டாவது பந்தை எடுக்கிறவள். முழங்கையில் தோல் உரியாத மாதமே கிடையாது. "அக்கா, நாங்க ஆடுறோம்ங்கிறதுக்கு ஒரு சாட்சி கூட இல்ல பாரு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அணியில் எல்லாருக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'தான். நாள் முழுக்க "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் அசைகிறவர்களைப் படமெடுக்க அரங்கத்துக்கு ஓடி வருவாள். ஆனால் கையில் இருந்தது சுற்றுலாவுக்கென்று என்றைக்கோ வாங்கிய பழைய கேமரா. அரங்கத்து மங்கல் வெளிச்சத்தில் அது திணறியது. பந்து வால்நட்சத்திரமாக இழுபடும். தங்கச்சிக்கு இரண்டு மூக்கு முளைக்கும். பெண்கள் அதற்குப் 'பேய்ப் படம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வேற கேமரா வாங்கப் போறேன்," என்று அன்றைக்கே வீட்டில் சொன்னாள்.

"எதுக்கு? அதான் போன் இருக்கே," என்றார் வீட்டுக்காரர், சோபாவில் சாய்ந்தபடி.

"போன்ல அசையாம இருக்கிறவங்கதான் நல்லா விழுவாங்க. உங்களை எடுக்க அது தாராளமாப் போதும்."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவள் இதையே படித்தாள். லென்ஸ் பற்றிக் கவலை இல்லை. நிறைய வெளிச்சம் வாங்கும் நல்ல லென்ஸ் ஒன்றைப் பழசாக ஏற்கெனவே வாங்கியிருந்தாள். வேண்டியது பாடி மட்டும், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. எத்தனை மெகாபிக்சல் என்று ஊரெல்லாம் கேட்கிற கேள்வி அவளுக்கு வேண்டாம். ஓடுகிற ஆளை விடாமல் துரத்தி ஃபோகஸ் பிடிக்குமா? மூச்சு வாங்காமல் நொடிக்கு எத்தனை படம் எடுக்கும்? மங்கல் வெளிச்சத்தில் படம் மணல் கொட்டின மாதிரி ஆகுமா, ஆகாதா? இந்த மூன்றும் தேறுகிற புது பாடிகள் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. பத்து வருஷத்துக்கு முன் விளையாட்டுப் படக்காரர்கள் தோளில் போட்டுத் திரிந்த மாடல் ஒன்று மட்டும், பழசாகக் கிடைத்தால், எட்டும்.

சனிக்கிழமை காலை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். விற்பனையாளர் சிரித்த முகத்தோடு ஒரு வெள்ளைக் கேமராவை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது.

"லேடீஸ் எல்லாம் இதைத்தான் மேடம் வாங்குறாங்க. குழந்தைங்க பர்த்டேக்கு சூப்பரா இருக்கும்."

"என் குழந்தைங்க ஆறு பேர். எல்லாரும் ஆறடிக்குப் பக்கத்துல இருக்காங்க, வலைக்கு மேல குதிக்கிறாங்க. அதோ, பின்னால அலமாரில கறுப்பா இருக்கே, அதை எடுங்க."

"ஐயோ, அது பழசு மேடம். போனோட கனெக்ட் ஆகாது. ரொம்ப வெயிட்டு வேற, கை வலிக்கும்."

"நான் தினம் முப்பது நோயாளிங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறவ. இதுவா வெயிட்டு? எடுங்க சார்."

எடுத்தார். அவள் லென்ஸை மாட்டினாள்; கேமராவின் கணக்கில் இதுவரை எத்தனை தடவை ஷட்டர் விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். நிறையத்தான் விழுந்திருந்தது; அவ்வளவும் தேய்மானம். ரப்பர் பிடி ஒரு மூலையில் உரிந்திருந்தது. ஆனாலும் நிமிர்ந்து, "கடை லைட்டைப் பாதி அணைங்க," என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"எங்க அரங்கத்துல அவ்வளவுதான் வெளிச்சம். அப்புறம், நீங்க அந்தக் கோடியிலேர்ந்து இங்க ஓடி வந்து ஒரு குதி குதிங்க."

"நானா?"

"வாங்கப் போறவ நான். விக்கிறவர் நீங்க. பின்ன யார் குதிக்கிறது?"

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். விற்பனையாளர் சுற்றுமுற்றும் பார்த்தார், பையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார், ஓடி வந்து குதித்தார். முதலில் வெள்ளைக் கேமரா. நாலு படம் எடுத்ததும் அது திக்கித் திணறி நின்றுவிட்டது. ஃபோகஸ் அவரை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த காலண்டரைப் பிடித்துக்கொண்டது. மறுபடி குதித்தார். கறுப்புக் கேமரா தடதடவென்று தையல் மிஷின் மாதிரி ஓடியது. பதினெட்டுப் படம். பதினாறில் அவருடைய கண்ணிமை கூடத் தெளிவாக இருந்தது.

அவர் மூச்சிரைக்க எட்டிப் பார்த்தார். "அட! நானா இவ்வளவு உயரம் குதிச்சேன்? மேடம், இதை எனக்கு அனுப்பி விடுறீங்களா?"

"மூணு மாசம் வாரண்டி எழுதிக் குடுங்க, அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மதியம் பெண்கள் அரையிறுதி. காலையில் ஆண்கள் ஆட்டம் முடிந்ததும் வாலிபால் சங்கத்தின் படக்காரர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எக்ஸ்ரே அக்கா பார்வையாளர் மாடியிலிருந்து இறங்கி, ஆடுகளத்தின் மூலைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் சங்கச் செயலாளர் வந்து நின்றார்.

"பாஸ் இருக்கா?"

"இல்ல."

"பாஸ் இல்லாதவங்க மாடிக்குப் போங்க."

"பாஸ் இருக்கிறவர் வீட்டுக்குப் போயிட்டார் சார். அவர் இடம் சும்மாதானே கிடக்கு?"

"இது என்ன வம்பு? எழுந்திரிங்கம்மா."

"ஆட்டம் முடிஞ்சதும் எழுந்திரிக்கிறேன்."

செயலாளர் நடுவரைக் கூப்பிட்டார். விசிலும் கையுமாக வந்த நடுவரம்மா தரையை ஒரு பார்வை பார்த்தார்.

"இங்க உக்காந்தா ஆடுறவங்க மேல விழுவாங்க. அந்த விளம்பரப் பலகைக்குப் பின்னால போயிடுங்க."

"அங்க உக்காரலாமா?"

"பலகைக்கு இந்தப் பக்கம்தான் என் பொறுப்பு. அந்தப் பக்கம் யார் உக்காந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

அக்கா நாலே எட்டில் பலகைக்குப் பின்னால் போய்விட்டாள். நடுவரம்மா விசில் ஊதிவிட்டார்; செயலாளர் விலகித்தான் ஆகவேண்டியிருந்தது.

அன்றைக்கு அணி தோற்றது, ஐந்தாவது செட்டில், இரண்டே புள்ளியில். அக்கா எழுநூறு படத்துக்கு மேல் எடுத்திருந்தாள். அறுநூறுக்கு மேல் குப்பை. பாதி தலை, யாரோ ஒருவரின் முதுகு, பந்தில்லாத கை. இருட்டில் எடுத்தவற்றில் பொடிமணல் தூவினது போலப் புள்ளிகள் இருந்தன. ஆனால் ஒன்றில் தங்கச்சி தரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் கிடந்தாள். கை நீண்டு, வாய் கோணி, ஒரு கண் மூடி, விரல் நுனியில் பந்து.

தங்கச்சி அதை வெகுநேரம் பார்த்தாள். "அசிங்கமா இருக்கேன்ல?"

"ஆமா. பந்து எடுக்கிறவ மூஞ்சி அப்படித்தான் இருக்கும்."

"இதைத்தான் போடணும்," என்றாள் தங்கச்சி.

செவ்வாய்க்கிழமை செயலாளரே போன் பண்ணினார். அடுத்த போஸ்டருக்குப் படம் வேண்டுமாம். நல்லா எடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டாராம். அவள் பத்துப் படம் அனுப்பினாள். அரைமணி நேரத்தில் மறுபடி போன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி, வரிசையா நிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா..."

"அப்படி எடுக்கல சார்."

"இனிமே எடுத்துத் தரலாமே?"

"மாட்டேன். ஆம்பளைங்களை வரிசையா நிக்க வெச்சுச் சிரிக்கச் சொல்லுங்க, அதுக்கு வேணா வர்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

சங்கப் போஸ்டரில் அந்தப் படம் வரவில்லை. பெண்கள் அணியே காசு போட்டு ஆளுயரத்துக்கு அச்சடித்து, அடியில் மாற்று ஆட்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் பெயரையும் போட்டு, அரங்கத்து வாசலில் ஒட்டியது. அடுத்த வாரம் புதன்கிழமை அதைக் கிழித்துவிட்டார்கள். வியாழக்கிழமை பெண்கள் மறுபடி ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கிழிந்தது. சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது தங்கச்சி தோளில் சுருட்டிய காகிதத்தோடும் கையில் பசை வாளியோடும் படியிறங்கினாள்.

"எத்தனை அச்சடிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஐம்பது."

அக்கா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.